பெடலில் தடவிய கோலமாவு

வட சென்னையில், காலடிப்பேட்டை கிட்ட டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் ஹை ரோடு) ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக் பிடித்தேன். பின்னாடி வந்த ஷேர் ஆட்டோ என் வண்டியின் மட்கார்டில் தட்டி நின்றது. நம்பர் பிளேட் மடங்கியதோடு சரி, வேறு சேதம் இல்லை. ஆனாலும் இடித்தவர் அவர்தானே, நியாயம் நம் பக்கம் என்ற தெம்பில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன். அவர் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே சொன்னார்: "தலைவரே, டோல்கேட்லேர்ந்து உன் பின்னாலதான் வரேன். பிரேக் லைட்டு எரிஞ்சிகினே கீது. நீ எப்போ பிரேக் போட்ற, எப்போ போடலன்னு நான் எப்டிபா கண்டுபிடிக்கிறது?"

உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா ஒருவரும் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்குக் கோபம்தான் வந்தது. 2017-க்கு அப்புறம் வந்த வண்டிகளில் எல்லாம் ஹெட்லைட் எப்போதும் எரியும், கூடவே பின்விளக்கும் மங்கலாக எரியும், இதுகூடத் தெரியாமல் பேசுகிறாரே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சொன்னது மங்கலான விளக்கை இல்லை என்று புரிய எனக்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதக் கதையைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வியாதியோடு தினமும் பத்துப் பேரையாவது மணலி எம்.எஃப்.எல். (உர ஆலை) சிக்னலில் பார்க்கிறேன்.

என் வண்டி 2020-ல் வாங்கிய 125 சிசி. முன்னும் பின்னும் டிரம் பிரேக். வீடு காலடிப்பேட்டை, வேலை மணலியில் ஒரு ஆலையில், ஷிப்ட் வேலை. போக வர இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதி தூரம் கன்டெய்னர் டிரைலர்களுக்கு நடுவில்தான் போயாக வேண்டும். லிட்டருக்கு 55 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி திடீரென்று 50, அப்புறம் 46, கடைசியில் 43 என்று இறங்கியது. மைலேஜ் குறைந்தால் நம்ம ஊரில் முதலில் யாரைத் திட்டுவோம்? பெட்ரோல் பங்க்கை. பங்க் மாற்றினேன். அப்புறம் எத்தனால். பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், அதனால்தான் என்று ஆலை கேன்டீனில் எல்லோரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு என்பது உண்மை, அதனால் கொஞ்சம் குறையும். ஆனால் 55-லிருந்து 43-க்கு எத்தனால் மட்டுமே இழுத்துப்போடாது. அதையும் அப்போது யோசிக்கவில்லை. ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிளக் மாற்றினேன், டயருக்குக் காற்று பார்த்தேன். செயின் தொய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார், அதையும் இறுக்கச் சொன்னேன். (இந்தச் செயினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) வண்டி இன்னும் மோசமானது.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம்தான் பெரியது. ஷேர் ஆட்டோக்காரர் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் ஒரு நாள் மெக்கானிக்கிடம் "பிரேக் லைட் அடிக்கடி எரியுதாம், பாருங்க" என்றேன். அவர் குனிந்து, வலது பக்கம் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சின் பிளாஸ்டிக் நட்டை நாலு சுற்று சுற்றினார். "சரியாயிடுச்சுண்ணா." ஐம்பது ரூபாய்கூட வாங்கவில்லை. அந்தச் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. பெடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்பிரிங், பெடல் கீழே இறங்கினால் ஸ்பிரிங் இழுத்து விளக்கு எரியும். நட்டைச் சுற்றினால் சுவிட்ச் மேலேயோ கீழேயோ நகரும், விளக்கு சீக்கிரம் எரியும் அல்லது தாமதமாக எரியும். அவ்வளவுதான். அதாவது என் வண்டியில் பிரேக் தேய்ந்துகொண்டேதான் இருந்தது, அதைக் காட்டிக்கொடுத்த விளக்கைத்தான் வாயை மூட வைத்துவிட்டோம். காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்காமல் தெர்மாமீட்டரை உடைத்த கதை. மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன், நான் கேட்டது விளக்கைத்தான், அவர் செய்ததும் விளக்கைத்தான்.

ஜூலையில் ஒரு நாள் தூறல். சி ஷிப்ட் முடித்துவிட்டுக் காலையில் வரும்போது, டிரைலர்களிலிருந்து சிந்திய டீசலும் மண்ணும் கலந்து ரோடு வழவழவென்று இருந்தது. முன்னால் போன வண்டி வேகம் குறைக்க, நானும் பின் பிரேக்கை லேசாகத்தான் தொட்டேன், பின்சக்கரம் அப்படியே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. விழவில்லை. காலை ஊன்றி நின்றுவிட்டேன். பக்கத்தில் ஒரு டிரைலர், அதன் சக்கரம் என் தோள் உயரம். அன்றைக்கு வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

பெரியப்பாவிடம்தான் சொன்னேன். அவர் திருவொற்றியூர் என்ஃபீல்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1955-ல் ஆரம்பித்த கம்பெனி, எங்கள் பக்கத்தில் பழைய தலைமுறையில் வீட்டுக்கு ஒருவராவது அந்த கேட்டுக்குள் போய் வந்திருப்பார்கள். புல்லட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கோர்த்தவர், இப்போது முட்டிவலி, வண்டி ஓட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். பையை வாங்க வந்தவர் மீனைப் பார்க்காமல் மூக்கைச் சுருக்கினார். "இன்னாடா, ஏதோ கருகுது?"

எனக்கு மீன் நாற்றம் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை. புறங்கையை டிரம்முக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் மெல்ல நெருக்கினார், பாதியிலேயே இழுத்துக்கொண்டார். செம்பில் தண்ணீர் கேட்டு, விரல் நுனியை நனைத்து ரெண்டு சொட்டு உதறினார். தோசைக்கல்லில் தெளிப்பது போல சொய்ங் என்றது. "காசிமேட்டுலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள எத்தினி தடவை பிரேக் போட்டே?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, ரோடு காலி, அதிகபட்சம் ஏழெட்டு தடவை. அவர் எதுவும் சொல்லாமல் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். அரைச் சுற்றில் நின்றது. ஆறவிட்டு, பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் கம்பியில் இருக்கும் நட்டை ரெண்டு மூன்று சுற்று தளர்த்தினார், இப்போது சக்கரம் தானாக ரெண்டு மூன்று சுற்று சுற்றியது. உள்ளே லேசாகச் சரசரவென்று சத்தம், அது இருக்கலாம் என்றார்.

இங்கேதான் செயின் வருகிறது. செயினை இறுக்க வேண்டுமென்றால் பின்சக்கரத்தைப் பின்னால் நகர்த்த வேண்டும். சக்கரம் பின்னால் போனால் பிரேக் கம்பியும் கூடவே இழுபடும். அப்போது பெடலில் இருக்கும் சும்மா அசைவு, அதாவது பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் பெடல் வெறுமனே இறங்கும் தூரம், குறைந்துவிடும். டிரம் பிரேக் வண்டிகளில் அது பொதுவாக 2-லிருந்து 3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், வண்டியோடு கொடுக்கும் புத்தகத்திலேயே போட்டிருக்கும். என் வண்டியில் ஒரு விரல் கனம்கூட இல்லை. செயின் வேலை செய்தால் பிரேக்கையும் பார்த்தே ஆக வேண்டும். அது மெக்கானிக்கிடம் விட்டால் பாதி நேரம் நடக்காது, நாமே கேட்க வேண்டும், இல்லை நாமே பெடலைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆச்சு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பெரியப்பா விடவில்லை. "செயின் டைட் பண்றதுக்கு முன்னாடியே மைலேஜ் கொறஞ்சிச்சுன்னியே?" என்றார். உண்மைதான். உள்ளே போய்ப் பெரியம்மாவின் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தார். கொஞ்சம் மாவைத் தண்ணீரில் குழைத்துப் பெடலின் மேல்பக்கம் பூசினார், வெயிலில் ரெண்டு நிமிஷத்தில் காய்ந்துவிட்டது. பெரியம்மா வாசலில் நின்று "வாசல்ல போட்ற மாவு, வண்டியில போட்றான் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "தெரு முனை வரைக்கும் போய்ட்டு வா. கால் பிரேக் போடாதே. மெதுவா போ, கை பிரேக்குலயே நிப்பாட்டு." நானும் ஞாயிற்றுக்கிழமை உடுப்புக்கு மேல் ஆலையில் கொடுத்த ஷூவைப் போட்டிருந்தேன், தினமும் போட்டுப் பழகி அதுதான் கைக்கு வந்தது. போய்விட்டு வந்தேன். சத்தியமாகக் கால் பிரேக்கைத் தொடவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

"காலைத் தூக்கு." தூக்கினேன். வலது ஷூவின் அடியில், விரல்களுக்குக் கீழே, வெளி ஓரத்துக்கு உள்ளே ஒரு பட்டையாக வெள்ளை. பெடலில் அந்த இடம் மட்டும் மாவு போய்க் கருப்பாகத் தெரிந்தது.

நான் பேசாமல் நின்றேன். யாராவது "நீ தூக்கத்தில் நடக்கிறாய்" என்று சொல்லி, காலில் மண்ணையும் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

காரணம் அந்த ஷூதான். ஜனவரியில் ஆலையில் எல்லோருக்கும் புது சேஃப்டி ஷூ கொடுத்தார்கள், முன்னால் இரும்புத் தொப்பி வைத்தது, தடித்த அடி, குதிகால் தனியாகப் படி மாதிரி உயர்ந்திருக்கும். அதற்கு முன்னால் வண்டியில் போகும்போது சாதாரண செருப்பு, ஆலை வாசலில்தான் ஷூ மாற்றுவேன். புது ஷூ வந்ததும் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போனேன், மைலேஜ் சரிந்ததும் அப்போதிலிருந்துதான். அந்தக் குதிகால் படி இருக்கிறதே, அது ஃபுட்ரெஸ்ட்டில் கொக்கி மாதிரி வாகாக மாட்டிக்கொள்ளும். கால் நழுவாது, சுகமாக இருக்கும். ஆனால் குதிகாலின் முன்விளிம்பு ஃபுட்ரெஸ்ட்டில் மாட்டினால் பாதம் முழுக்க அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், விரல்கள் சரியாகப் பெடல் மேல் வந்துவிடும். இரும்புத் தொப்பியின் கனம் வேறு, கணுக்கால் களைத்தால் தானாகக் கீழே சாய்கிறது. செருப்பில் இருந்தால் பெடல் விரலில் உறைக்கும், நாமே இழுத்துக்கொள்வோம். தடித்த அடியில் எதுவும் உறைக்காது. சக்கரத்துக்குள்ளே டிரம்மில் உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ, வெளியே கால் ஷூ, ரெண்டும் சேர்ந்து என் பெட்ரோலைத் தின்றிருக்கின்றன.

மறுநாள் வேறொரு மெக்கானிக்கிடம் பின்சக்கரத்தைக் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிரேக் ஷூவின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகிப்போயிருந்தது. ஓயாமல் லேசாகத் தேய்ந்து சூடானால் இப்படித்தான் ஆகும், அப்புறம் நிஜமாக அழுத்தும்போது பிடிமானம் குறையும். பிரேக் பிடிக்கவில்லையே என்று நட்டை இன்னும் இறுக்குவோம், இன்னும் உரசும். புது பிரேக் ஷூ போட்டேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஷூவை விரிக்கும் கேம் கம்பி துரு பிடித்து இறுக்கமாகத் திரும்பியது. எங்கள் பக்கம் கடல்காற்று, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நிறுத்திவைக்கும் எந்த இரும்பும் சீக்கிரம் துருப் பிடிக்கும். கேம் இறுகினால் காலை எடுத்த பிறகும் பிரேக் முழுசாக விடாது. பெடல் சுழலும் அச்சும் அப்படித்தான். ரெண்டையும் துடைத்துக் கொஞ்சமே கொஞ்சம் கிரீஸ் வைத்தார், ஷூவில் படாமல். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதப் போனார், வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள் என்றேன், அந்தத் தூசி மூச்சுக்குள் போவது நல்லதில்லை. சிரித்தார், ஆனால் துடைத்தார்.

பெடல் உயரத்தையும் மாற்றினோம். பெடலுக்கு அடியில் ஒரு தடுப்பு போல்ட் இருக்கும், அதை வைத்து பெடல் எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம், எல்லா வண்டியிலும் இல்லை, என் வண்டியில் இருந்தது. எந்த ஷூவோடு ஓட்டுகிறோமோ அதே ஷூவைப் போட்டு, சாதாரணமாக உட்கார்ந்து, காலை வைத்துப் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். முதலில் உயரம், அப்புறம் சக்கரத்து நட்டில் அசைவு, கடைசியாக விளக்கு சுவிட்ச். இந்த வரிசை தப்பினால் ஒன்றைச் சரி செய்யும்போது இன்னொன்று கெடும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் அல்லது அதற்கு ஒரு நூல் முன்னால் விளக்கு எரிய வேண்டும், அதற்குப் பின்னால் எரியக் கூடாது.

வண்டி ரெண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கால் சரியாக ஒரு மாதம் ஆனது.

பாதத்தின் முன்பகுதி, விரல்களுக்குப் பின்னால் தடித்திருக்கிறதே, அதை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தால் விரல் பெடலுக்கு எட்டவே எட்டாது. எக்ஸ்பிரஸ் ரோடு மாதிரி திறந்த இடத்தில் இதுதான் சரி. ஆனால் தேரடி பக்கம், டி.எச். ரோட்டு நெரிசலில் அப்படி வைத்தால் அவசரத்துக்குக் காலை முன்னால் நகர்த்திப் பிரேக் போடுவதற்குள் ஆட்டோ மேல் ஏறிவிடுவோம். அங்கே பாதத்தின் நடுவை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, விரலைப் பெடலுக்கு மேலே தொடாமல் தூக்கிப் பிடிப்பேன். தயாராக இருப்பது வேறு, மேலே சாய்ந்திருப்பது வேறு. முதல் வாரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை கடுத்தது. கடுக்கிறது என்றால் இத்தனை நாள் அந்தத் தசைக்கு வேலையே இல்லாமல் இருந்திருக்கிறது, பாரத்தைப் பெடல்தான் சுமந்திருக்கிறது. விரல் வெளிப்பக்கம் வாத்து மாதிரி விரிந்தாலும் பெடல் ஓரத்தில் ஏறும், முட்டியை டாங்க்கோடு ஒட்டினால் பாதமும் நேராகிவிடும். மனைவியும் மகளும் பின்னால் உட்கார்ந்தால் நான் முன்னால் தள்ளி உட்காருவேன், முட்டி மடங்கும், குதிகால் எழும்பும், விரல் இறங்கும். அன்றைக்கெல்லாம் கூடுதல் கவனம்.

விளக்கையே காவலுக்கு வைத்துக்கொண்டேன். இருட்டியதும் சிக்னலில் பின்னால் நிற்கும் லாரியின் பம்பரில், கடை ஷட்டரில், நம் பின்விளக்கின் சிவப்பு விழும். கண்ணாடியில் பார்த்தபடி காலைத் தூக்கினால் அந்தச் சிவப்பு மங்கக் கூடாது. மங்கினால் அதுவரை கால் பெடலில்தான் இருந்தது என்று அர்த்தம். முதல் வாரம் பாதி சிக்னலில் மங்கியது. வெட்கமாக இருக்கும்.

வேண்டுமென்றே பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் உண்டு, தெரியாமல் சொல்லவில்லை. நடக்கும் வேகத்தில் யூ டர்ன் அடிக்கும்போது கிளட்ச்சைப் பாதி பிடித்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டரோடு பின் பிரேக்கையும் தொட்டுக்கொண்டால் வண்டி ஆடாது. அது தெரிந்து செய்வது, பத்து விநாடியில் முடிவது.

125 சிசி வரைக்குமான வண்டிகளில் ஏப்ரல் 2019-ல் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இல்லையென்றால் சிபிஎஸ் என்று கட்டாயமாக்கினார்கள். சிபிஎஸ் இருந்தால், கால் பெடலை அழுத்தும்போது முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். அதனால் இந்தப் பழக்கம் இருந்தால் வண்டியைப் பொறுத்து முன்சக்கரத்தையும் சேர்த்து இழுக்கலாம். டிஸ்க் வண்டிக்காரர்கள் நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஷிப்ட்டில் ஒரு தம்பிக்கு இதே கதைதான், பின்னால் டிஸ்க். உரசி உரசிச் சூடேறினால் உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் விரியும், பெடலில் அசைவே இல்லையென்றால் அது திரும்பிப் போக வழி இருக்காது, அழுத்தம் ஏறி, கால் எடுத்தாலும் பிரேக் தானே பிடிக்கும். அவன் வண்டி மாத்தூர் கிட்ட தள்ளவே முடியாமல் நின்றுவிட்டது. இன்னும் சூடேறினால் ஆயில் கொதித்து, பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கிப் பிரேக்கே இருக்காது. அவன் பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனான். சூடான டிஸ்க்கில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளலாம், நிழலில் நிறுத்தி டீ குடி என்றேன். அரை மணி நேரத்தில் விட்டது.

மைலேஜ் இப்போது 53. பழைய 55 வரவில்லை, அந்த ரெண்டை எத்தனால் கணக்கில் எழுதிவிட்டேன்.

போன வாரம் பெரியப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம், அவர் வாழ்நாள் முழுக்க ஓட்டியது அதைத்தான். மின்ட் வரைக்கும் ஒவ்வொரு தடவை யாராவது குறுக்கே வரும்போதும் என் இடது காலுக்குப் பின்னால் அவர் செருப்பு ஃபுட்ரெஸ்ட்டை அழுத்துவது கேட்டது. "பெரியப்பா, பிரேக் போடுறீங்களா?" என்றேன். "நானா? இல்லியே" என்றார்.